எலெக்ட்ரோ பாப் ஆல்பம் வெளியிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு சின்ன அறை, ஒரு லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக். இவ்வளவு இருந்தால், சிந்தசைசரும் கணினி ஓசையும் சேர்ந்த முழு எலெக்ட்ரோ பாப் ஆல்பத்தையே முடித்துவிடலாம். சென்னைக்கு ரயிலேறி ஸ்டூடியோ வாடகை கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை இன்று இல்லை. ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பாட்டுக்காக மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, வெளியிடும் வேலையை ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்க்கிறார்கள். தவறுகளில் பாதி அந்த அவசரத்தில் வருபவை.

முதலில் மிக்ஸ், அதாவது பதிவு செய்த ஓசைகளைச் சேர்த்துச் சமன் செய்யும் வேலை. இந்த வகைப் பாட்டுக்கு உயிரே கிக் என்னும் டிரம் அடியும் பேஸ் என்னும் தாழ்ந்த ஓசையும்தான். இரண்டும் ஏறக்குறைய 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். நல்ல ஹெட்போனில் கேட்கும்போது எல்லாம் கும்மென்று நிறைவாக இருக்கும். அதே பாட்டைப் போன் ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் காணாமல் போய், குரலும் ஹை-ஹேட்டும் மட்டும் சலசலக்கும். போன் ஸ்பீக்கருக்கு அந்தக் கீழ்ச் சத்தத்தைத் தரும் வலு கிடையாது, அவ்வளவுதான். இதற்கு இரண்டு வேலை செய்யுங்கள். கிக் விழும் நொடியில் பேஸ் கொஞ்சம் தணியும்படி சைட்செயின் வையுங்கள். பேஸுக்கு லேசாக சாச்சுரேஷன் (ஓசையைச் சற்றே கரகரப்பாக்கும் எஃபெக்ட்) கொடுத்து, 200 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் அதன் சாயல் கேட்கும்படி செய்யுங்கள். அப்புறம் மோனோவில் ஒரு முறை, போனில் ஒரு முறை, முடிந்தால் தெரிந்த டிரைவரிடம் சொல்லி ஷேர் ஆட்டோ ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள். நம் ஊரில் பாட்டு அங்கேதான் ஓடுகிறது.

மிக்ஸ் முடிந்தபின் செய்யும் மாஸ்டரிங்கில் சத்தத்தை ஏற்றி ஏற்றிப் பாட்டைத் தட்டையாக்குவது அடுத்த தவறு. ஸ்பாடிஃபை பாடல்களைச் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்துதான் ஒலிக்கவிடுகிறது. மைனஸ் 6-க்கு நசுக்கி அனுப்பினால் அது கேட்பவரிடம் சத்தமாகப் போகாது. சத்தம் இறங்கும், நசுங்கல் மட்டும் அப்படியே இருக்கும்.

குரல் பதிவில் நம் ஊர்ப் பிரச்சினை வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுவது சிரமம்தான். அதற்காக ஃபேன் ஓட ஓடப் பதிவு செய்து, நாய்ஸ் கேட் (மெல்லிய ஒலியை வெட்டிவிடும் கருவி) போட்டு மறைக்காதீர்கள். கேட் இரைச்சலோடு சேர்த்துச் சொல்லின் கடைசியையும் விழுங்கிவிடும். ‘வானம்’, ‘நிழல்’ போன்ற சொற்களின் ஈற்று மெய் மெல்லியது, முதலில் வெட்டுப்படுவது அதுதான். விடியற்காலை ஐந்து மணிக்குப் பதிவு செய்யுங்கள். தெருவும் அமைதியாக இருக்கும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். வட ஆற்காட்டுக்காரர்கள் தங்கள் பாட்டில் மண்ணின் ஓசை வேண்டும் என்று நினைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். சிந்த் ஓசைக்கு நடுவே கூத்தில் ஊதும் முகவீணை கிளம்பினால் மயிர்க்கூச்செறியும். ஆனால் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் போனில் பதிவு செய்ததை வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பாக்கி, ஆல்பத்தில் போட்டுவிடுகிறார்கள். பாடிய வாத்தியாருக்கு அது தெரியவே தெரியாது. ஊர்ப் பொதுச் சொத்துதானே என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழைய பாட்டு யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கலாம், அதை நிகழ்த்தியவருக்கு உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞர்களுக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. நீங்கள் மட்டும் கேட்கப் பதிவு செய்துகொள்வது வேறு, ஆல்பத்தில் சேர்த்து விற்பது வேறு. நேரில் போய்ப் பேசுங்கள். சம்மதத்தை எழுதி வாங்குங்கள், பேசிய பணத்தை அன்றே கையில் கொடுங்கள், பங்களித்தவர் பட்டியலில் ஜமா (கூத்துக் குழு) பெயரோடு கலைஞர் பெயரையும் போடுங்கள். விடிய விடிய ஆடிப் பாடிப் பிழைக்கிறவர்களிடம் இலவசமாக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகவே படவில்லை.

நண்பர்களுக்குள்ளும் இதே கதைதான். மெட்டு ஒருவர், வரி ஒருவர், புரோகிராமிங் ஒருவர். ‘நமக்குள்ள என்ன கணக்கு’ என்று தொடங்கி, பாட்டு ஓடிவிட்டால் பேச்சுவார்த்தையே நின்றுபோகிறது. யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஆல்பத்துக்குப் பணம் போடுகிறவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பதிவை முன்னின்று பொறுப்பேற்றுச் செய்பவரையே சட்டம் ஒலிப்பதிவின் தயாரிப்பாளராகக் கருதுகிறது. ஆனால் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. அது கைக்கு வந்து சேர ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி, பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். பலர் செய்வதே இல்லை.

கடையில் வாங்கிய லூப்பை அப்படியே வைத்திருக்கும் பாட்டுக்கு யூடியூப் கன்டென்ட் ஐடியை (பாட்டு வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி) இயக்காதீர்கள். அதே லூப்பை வாங்கிய வேறொருவர் வீடியோவில் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போய் விழும்.

பெயர் விவரங்களில் ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பே சிங்கிளாக வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்க்கும்போது பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே (பதிவுக்கு என்று தரும் அடையாள எண்) கொடுங்கள். புது எண் வாங்கினால் சேர்ந்த பிளே எண்ணிக்கை ஆல்பத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

தேதி விஷயத்துக்கு வருவோம். புதன்கிழமை அப்லோட் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று போஸ்டர் போடாதீர்கள். பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டுத் தேர்வு செய்யும் ஸ்பாடிஃபை எடிட்டர்களுக்கு, இன்னும் வெளிவராத பாட்டை மட்டும்தான் அனுப்ப முடியும். குறைந்தது ஏழு நாள் முன்பே அனுப்பினால்தான் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் என்னும் புதுப்பாட்டுப் பட்டியலுக்கு நீங்கள் தேர்ந்த பாட்டு போகும். பாட்டைத் தளங்களுக்கு அனுப்பித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் திருத்தம் கேட்டால் அதற்கும் நாள் வேண்டும். நான்கு வாரம் வைத்துக்கொண்டால் நிம்மதி.

கடைசியாக, காசுக்கு ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரீம் தருகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் வருகிறவர்களிடம் போகாதீர்கள். 2024-லிருந்து, கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம்கூட எட்டாத பாட்டுக்கு ஸ்பாடிஃபை பணம் தருவதில்லை. அந்தப் பதற்றத்தில்தான் பலர் இதில் மாட்டுகிறார்கள். போலி என்று கண்டுபிடித்தால் எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள், பாட்டே நீக்கப்படலாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்து, உங்கள் கல்லூரி விழாவில் மூன்று பாட்டு வாசியுங்கள். கேட்டுவிட்டுப் பெயர் விசாரிக்கிறவர்கள் அடுத்த ஆல்பத்துக்கும் வருவார்கள்.