பிடித்த மெக்சிகன் உணவகச் சங்கிலி நலிகிறதா என்பதை முன்கூட்டியே அறிவது எப்படி?

அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் வாழ்பவர்கள் பலருக்கும், தங்கள் ஊரிலேயே ஒரு சிறு கடையாகப் பிறந்து பல கிளைகளாக வளர்ந்த மெக்சிகன் உணவகம் ஒன்றின்மேல் தனிப் பிரியம் இருக்கும். அது நொடித்துப்போன செய்தி, கதவில் ஒட்டிய தாளைப் பார்த்த பிறகுதான் பெரும்பாலும் நமக்குத் தெரிகிறது. ஆனால் நலிவு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சமையலறையில் தொடங்கிவிடுகிறது. அதை மேசையில் உட்கார்ந்தபடியே கண்டுகொள்ளலாம்.

உட்கார்ந்ததும் வரும் சிப்ஸ் கூடையிலிருந்து தொடங்குங்கள். மக்காச்சோள மாவில் செய்த மெல்லிய ரொட்டியான டோர்ட்டியாவைக் கடையிலேயே வெட்டிப் பொரித்திருந்தால் ஒவ்வொரு துண்டிலும் சிறு கொப்புளங்கள் எழும்பியிருக்கும். சூடு ஆறுமுன் தூவிய உப்பு துண்டின்மேலேயே ஒட்டியிருக்கும். நிறமும் வடிவமும் துண்டுக்குத் துண்டு மாறும். எல்லாத் துண்டுகளும் அச்சில் வார்த்தவைபோல் இருந்து, உப்பு கூடையின் அடியில் உதிர்ந்து கிடந்தால் அவை பெரும்பாலும் பையிலிருந்து கொட்டியவை. தொட்டுக்கொள்ளும் காரச் சட்னியான சால்சாவில் சுட்ட தக்காளியின் கருகிய தோல் துணுக்குகள் தென்படுகின்றனவா, அல்லது காரத்தை முந்திக்கொண்டு வினிகரின் புளிப்பு நாக்கில் படுகிறதா என்று பாருங்கள். மசித்த பீன்ஸில் பாதி உடைந்த பருப்புகள் அங்கங்கே அகப்பட வேண்டும்; விழுதுபோல் வழவழவென்று இருந்தால் அது டின்னிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

டோர்ட்டியாவில் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்தெடுப்பதே டோர்ட்டியாவுக்கான மாசா என்னும் மாவு. இந்த வேலைக்கு இடமும் ஆளும் வேண்டும் என்பதால், நல்ல கடைகள்கூடப் பக்கத்து டோர்ட்டியா ஆலையிலிருந்து தினமும் வாங்குவதுண்டு, அது குறையாகாது. இரண்டாக மடித்துப் பாருங்கள்: புதியது வளைந்து கொடுக்கும், பழையது மடிப்பில் வெடிக்கும். நான் பல ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் போய்வந்த ஒரு கடையில், ஒருநாள் அவகாடோ மசியலான குவாக்கமோலேயின் நடுவில் பனிக்கட்டி நெறுநெறுத்தது. அவகாடோவை அங்கே யாரும் நறுக்குவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஒரு மோசமான இரவை வைத்து முடிவு கட்டாமல், வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது போய்ப் பாருங்கள். விலை உயர்வை மட்டும் நலிவின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். கலிஃபோர்னியாவில், நாடு முழுவதும் 60 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட துரித உணவுச் சங்கிலிகள், 2024 ஏப்ரல் 1 முதல் ஊழியருக்கு மணிக்குக் குறைந்தது 20 டாலர் தர வேண்டும்; நன்றாக நடக்கும் கடையும் அந்தச் செலவைச் சமாளிக்க விலையை ஏற்றத்தான் செய்யும். விலை ஏறும்போதே அளவு குறைவதும், பாதிக் கூடத்தில் விளக்கு அணைந்திருப்பதும், கடை மூடும் நேரம் முன்னால் நகர்வதும், வாரந்தோறும் தள்ளுபடிக் கூப்பன் வருவதும் சேர்ந்து நடந்தால் கவலைப்படலாம்.

அடுத்து, கடை யார் கையில் இருக்கிறது என்று தேடுங்கள். என் கணிப்பில் இதுவே மிக முக்கியமான படி. ரால்ஃப் ரூபியோ 1983இல் சான் டியேகோவின் மிஷன் பே பகுதியில் மீன் டாக்கோ (மடித்த டோர்ட்டியாவுக்குள் மீன்) விற்கத் தொடங்கிய ரூபியோஸ், 2010இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் போனது. 2020இல் திவால் பாதுகாப்புக் கோரியது. 2024இல் கலிஃபோர்னியாவில் 48 கிளைகளை மூடிவிட்டு மறுபடியும் நீதிமன்றப் படியேறியது. பொதுவாக, இப்படிக் கைமாறும் சங்கிலிகளில் வாங்கியவரின் கடன் கடையின் தலையிலேயே ஏறுவதுண்டு; சொந்த நிலம் விற்கப்பட்டு, அதே இடத்துக்கு வாடகை கட்டும் நிலையும் வரும். அப்போது முதலில் கத்தரி விழுவது சமையலறைச் செலவில்தான். அதனால் அடுப்பின் முன் நிற்பவர்களைக் குறைசொல்வது நியாயமல்ல.

காரணத்தைத் தேடும்போது தேதிகளின் வரிசையைச் சரிபாருங்கள். மினசோட்டாவின் ரிச்ஃபீல்டில் 1975இல் தொடங்கிய சீச்சீஸ் என்ற மெக்சிகன் உணவகச் சங்கிலியை, பென்சில்வேனியாக் கிளையில் வெங்காயத்தாளால் பரவி 600க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய ஹெபடைடிஸ் ஏ நோய்தான் அழித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சங்கிலியோ, நோய்ச் செய்தி வெளிவந்த 2003 நவம்பருக்கு முந்தைய மாதமே திவால் மனு கொடுத்துவிட்டது.

மாநிலத் தொழிலாளர் துறை வெளியிடும் பணிநீக்க முன்னறிவிப்புப் பட்டியலையும் பார்க்கலாம். ஆனால் 60 நாள் முன்னறிவிப்பு கேட்கும் மத்தியச் சட்டம், ஓரிடத்தில் 50 பேருக்குக் குறைவானவர்கள் வேலை இழந்தால் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே உங்கள் கிளை பட்டியலில் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

கையில் பரிசு அட்டை இருந்தால் இந்த வாரமே செலவழித்துவிடுங்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தின்கீழ் மனு கொடுத்த நிறுவனம் கடையைத் தொடர்ந்து நடத்தவும், நீதிமன்ற அனுமதியுடன் அட்டைகளை ஏற்கவும் வழியுண்டு. 7ஆம் அத்தியாயம் என்றால் சொத்தை விற்றுக் கடனடைப்பதுதான், உங்கள் அட்டை கடன்காரர் வரிசையில் பின்னால் போய் நிற்கும். போகிற அன்று, நெடுநாள் பரிமாறிய ஊழியருக்கு டிப்ஸைப் பணமாகக் கையில் கொடுங்கள். சமையல்காரர் வேறெங்காவது போகப்போகிறாரா என்றும் கேட்டுவையுங்கள். நீங்கள் தேடும் அந்தச் சால்சா அவரோடுதான் போகும்.