கிரேட் ஓடர் போடுவதற்கு முன்: மலையக ஆய்வுகூடத்தில் நாங்கள் விட்ட பிழைகள்

பெட்டி வந்த நாள் கண்டியில் நல்ல மழை. ஏழு மாதம் காத்திருந்து வந்த பெட்டி. சோதனைகளை ஓட்டும் மின்னணுக் கார்டுகளும், அவற்றைச் செருகி வைக்கும் கிரேட் என்ற உலோகச் சட்டமும் அதற்குள். நுரையை எடுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொரு கார்டாக மேசையில் அடுக்கி, விலைமனுவோடு ஒப்பிட்டுக் கோடு போட்டோம். ஒன்றும் குறையவில்லை. "எல்லாம் வந்திட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே சேர் உள்ளே வந்தார். "வந்திட்டுது சேர்" என்றேன்.

பின்னேரம் நான்கு மணிக்குத்தான் விளங்கியது. கார்டுகளை, அவற்றைக் கட்டுப்படுத்தும் முதன்மை போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிள் ஒன்றுகூட வரவில்லை. விற்றவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய பட்டியலில் கேபிள் தனிப் பொருள், நாங்கள்தான் அதை ஓடரில் எழுதவில்லை. 30 முனைக் கேபிள் அது. கொழும்பில் விசாரித்தபோது 26 முனை இருந்தது, 34 முனையும் இருந்தது, 30 இல்லை. சில யூரோ பெறுமதியான சாமானுக்காக இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தோம்.

இந்த வேலையில் பெரிய கார்டில் பிழை விடுகிறவர்கள் குறைவு. அதன் தரவுத்தாளை எல்லோரும் பத்துத் தரம் படிப்பார்கள். விலைமனுவில் கண்ணுக்குப் படாத சின்னச் சாமான்தான் காலை வாரிவிடும். ஐரோப்பாவில் இருக்கும் ஆய்வுகூடத்துக்கு விட்டுப்போன கேபிள் சில நாளில் வந்துவிடும். பேராதனையிலோ பதுளையிலோ தலவாக்கலையிலோ இருப்பவருக்கு அதே கேபிள் இன்னொரு கொள்வனவுக் கோப்பு, இன்னொரு சுங்கப் படிவம், இன்னொரு கொரியர் கட்டணம்.

84 எச்.பி.யில் எத்தனை கார்ட்?

 கிரேட்டை 19 அங்குல ராக்கில், அதாவது கருவிகளை அடுக்கிப் பூட்டும் நிலைச்சட்டத்தில், பூட்டுவார்கள். உயரத்தை யூ என்ற அலகில் சொல்வார்கள், 1 யூ 44.45 மில்லிமீற்றர். அகலத்துக்கு எச்.பி., ஒன்று 5.08 மில்லிமீற்றர். முழு அகலக் கிரேட்டில் 84 எச்.பி. இருக்கும். 3 யூ கிரேட்டில் போடும் யூரோகார்ட் 100க்கு 160 மில்லிமீற்றர், ஏறக்குறைய ஒரு பொக்கட் புத்தகத்தின் அளவு.

கூட்டல் கழித்தல்தானே என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நாங்கள் எடுத்தது சினாரா என்ற திறந்த வடிவமைப்புக் குடும்பத்துக் கார்டுகள். அணுக்களையும் அயனிகளையும் பிடித்து வைத்து லேசரால் கையாளும் சோதனைகளுக்காக உருவானவை. இப்போது நேரக் கட்டுப்பாடு முக்கியமான வேறு சோதனைகளுக்கும் பயன்படுகின்றன. எங்கள் கணக்கு இப்படி: முதன்மை போர்டுக்கு 8 எச்.பி., பி.என்.சி. என்ற வட்ட இணைப்பு வாய் கொண்ட டிஜிட்டல் கார்ட் நான்குக்கு தலா 8, அனலொக் உள்ளீட்டுக் கார்டுக்கு 8, அலைவெண் உருவாக்கும் கார்ட் நான்குக்கு தலா 4. கூட்டினால் 64. பவர் சப்ளைக்கு 12 ஒதுக்கினாலும் 8 மிச்சம். சந்தோசம்.

இடம் இருந்தது. இணைப்பு இல்லை. இந்தக் குடும்பத்தில் கார்டுகள் பின்னால் உள்ள பேக்பிளேன் என்ற பொது இணைப்புப் பலகையில் செருகிப் பேசுவதில்லை, ரிப்பன் கேபிளால் முதன்மை போர்டோடு பேசுகின்றன. அந்த போர்டில் அதற்கான கேபிள் வாய் 12தான். டிஜிட்டல் கார்ட் நான்குக்கு 4 போயிற்று. அலைவெண் கார்டை முழு வசதியோடு, அதாவது ஒவ்வொரு சனலின் ஆளியையும் தனித்தனியே விரைவாகப் போட்டு அணைக்கும்படி, வேலை செய்ய வைக்க ஒவ்வொன்றுக்கும் 2 வாய் வேண்டும். நாலிரண்டு எட்டு. 12ம் முடிந்தது, அனலொக் கார்ட் வெளியே நிற்கிறது. கடைசியில் ஓர் அலைவெண் கார்டை ஒற்றை வாயோடு வைத்துச் சமாளித்தோம். இது ஓடருக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டாவது முதன்மை போர்டுக்கும் சேர்த்துப் பணம் கேட்டிருக்கலாம்.

ஆகவே கிரேட் திட்டத்துக்கு ஒரு பட்டியல் போதாது. இடத்துக்கு ஒன்று, கேபிள் வாய்க்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியே எழுதுங்கள். கொப்பித் தாளும் பென்சிலும் போதும். நான் கணினியில் அழகாக அட்டவணை போட்டுத்தான் ஏமாந்தேன்.

டிஜிட்டல் கார்டில் இன்னொரு குழி இருக்கிறது. 8 சனல் என்று பார்த்ததும் எட்டையும் விருப்பப்படி உள்ளீடாகவோ வெளியீடாகவோ பாவிக்கலாம் என்று நினைப்போம். அது நாலு நாலாகத்தான் மாறும். ஐந்து உள்ளீடு, மூன்று வெளியீடு வேண்டும் என்றால் ஒரு கார்ட் காணாது. சிக்னல் கேபிள் முனையில் எதிரொலிக்காமல் தடுக்கும் 50 ஓம் முடிவுத்தடையைப் போடும் குட்டி ஆளிகளும் கார்டின் உடம்பிலேயே இருக்கின்றன. கிரேட்டைப் பூட்டிய பிறகு மாற்ற வேண்டுமானால் கார்டை வெளியே இழுக்க வேண்டும். எந்தச் சனல் எதற்கு என்று முன்பே முடிவு செய்து, ஆளிகளைப் போட்டு, போனில் ஒரு படம் எடுத்துவிட்டுப் பூட்டுங்கள்.

மொத்த வொட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பவர் சப்ளை 300 வொட், கார்டுகள் எல்லாம் சேர்ந்து 180 வொட், அப்போ தாராளம்! இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். சினாராவில் 12 வோல்ட் ஒன்றுதான் என்பதால் பெரிதாக ஆபத்தில்லை. வி.எம்.ஈ. என்ற வேறொரு தரத்துக் கிரேட்டில் +5, +12, −12 என்று தனித்தனித் தடங்கள் உண்டு. +5இல் நூறு அம்பியர் கிடைக்கும் சப்ளையில் −12இல் சில அம்பியர்தான் இருக்கலாம். எதிர்மறை வோல்ட்டில் ஓடும் அனலொக் கார்ட் மூன்றைப் போட்டால் மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் அந்த ஒரு தடம் விழுந்துவிடும். ஒவ்வொரு தடத்துக்கும் அம்பியரைத் தனியே கூட்டி, கால்வாசியாவது மிச்சம் விடுங்கள்.

அன்பளிப்பாக வரும் பழைய கிரேட்டுகளில் இது இன்னும் சிக்கல். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அணுக்கருப் பரிசோதனைக் கருவிகளைக் கழிக்கும்போது நிம் கிரேட் ஒன்று இலவசமாகக் கிடைக்கக்கூடும். நிம் 1964இல் அமெரிக்காவில் தொடங்கிய தரம், இன்றும் உழைக்கிறது. ஆனால் பழைய நிம் கிரேட் பலவற்றில் ±12, ±24 வோல்ட் மட்டும்தான் இருக்கும். பிற்கால மொடியூல்கள் கேட்கும் ±6 இருக்காது. 115 வோல்ட்டுக்கு அமைத்த கிரேட்டை நம்முடைய 230இல் அப்படியே செருகினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்று: நிம்மின் விரைவு சிக்னலில் "ஒன்று" என்பது −0.8 வோல்ட். டீ.டீ.எல். என்ற வழக்கமான டிஜிட்டல் சிக்னலின் உள்ளீடு எதிர்பார்ப்பதோ நேர்மறை வோல்ட். இரண்டையும் வெறும் கேபிளால் இணைத்துவிட்டு கருவி ஏன் துடிப்புகளை எண்ணவில்லை என்று அலைக்காட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. நடுவில் மட்டமாற்றி ஒன்று வேண்டும், அதற்கும் கிரேட்டில் ஓர் இடம் வேண்டும்.

குளிர்தானே, காற்றாடி எதற்கு?

நுவரெலியாவில் இருப்பவர் இப்படிக் கேட்டால் சிரிக்கக் கூடாது, நியாயமான கேள்விதான். பதில் என்னவென்றால், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. அதே காற்றாடி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைவு. வெளியே 15 பாகை என்பது உதவும், ஆனால் யார் அங்கே யன்னலைத் திறந்து வைக்கிறார்கள்? கதவு யன்னல் எல்லாம் அடைத்த அறையில், மூடிய ராக்குக்குள் கிரேட் இருக்கும். பவர் சப்ளையின் தரவுத்தாளில் எத்தனை மீற்றர் உயரம் வரை என்று ஒரு வரி இருக்கும், பலவற்றில் 2,000 மீற்றர். நுவரெலியா அந்த எல்லைக்கு உள்ளேதான், ஆனால் அதிகம் மிச்சமில்லை. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர்தான், அங்கே இந்தக் கவலை வேண்டாம்.

காற்றாடித் தட்டுக்கு 1 யூ, காற்றைத் திருப்பிவிடும் தகட்டுக்கு 1 யூ. ஆக 3 யூ கிரேட்டுக்கு ராக்கில் 5 யூ ஒதுக்க வேண்டும். காலியான இடங்களுக்கு மூடித் தகடு வாங்க மறக்காதீர்கள். அழகுக்கு அல்ல. திறந்த இடைவெளி இருந்தால் காற்று சுகமான அந்த வழியால் போய்விடும், பக்கத்துக் கார்ட் வேகும். எங்கள் 84இல் மிஞ்சிய 8 எச்.பி.க்கு 4 எச்.பி. தகடு இரண்டு வேண்டியிருந்தது. அதையும் எழுத மறந்து, பழைய கருவி ஒன்றின் அலுமினியத் தகட்டை வெட்டி மூடினேன். இன்றும் அதுதான் இருக்கிறது.

மூடுபனிக்கு வருவோம். இரவில் அணைத்துவிட்டுப் போன கிரேட் விடியும்போது சில்லென்று இருக்கும். ஆட்கள் வந்து, கேத்தில் கொதித்து, அறைக் காற்று சூடும் ஈரமுமாக மாறியதும் அந்தக் குளிர்ந்த உலோகத்தில் ஈரம் பிடிக்கும். தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலே கண்ணாடி போட்டவர் முகத்தைக் கொண்டுபோனால் நடப்பதுதான். கிரேட்டை இரவிலும் ஓடவிடுவது சுலபமான வழி. இரவில் லொறியில் ஏறி வந்த பெட்டியையும் வந்த கையோடு திறக்காமல், அறையின் சூட்டுக்கு வரும் வரை ஒரு நாள் அப்படியே வையுங்கள்.

ஏர்த், இடி, கரண்ட்

ஐரோப்பாவிலிருந்து வரும் கிரேட்டோடு இரண்டு உருண்டை முனை கொண்ட வயர் வரும். ஏர்த் இணைப்பு அதன் பிளக்கில் பக்கவாட்டுத் தகடாக இருக்கும். அதை நமது மல்டிபிளக்கில் எப்படியோ செருகினால் கருவி ஓடும், ஏர்த் மட்டும் இருக்காது. பிறகு அனலொக் சிக்னலில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் என்று ஒரு வாரம் தேடுவீர்கள். ஓடரிலேயே 13 அம்பியர் சதுர முனை வயர் கேளுங்கள். ஏர்த் கம்பியையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது, பாறை நிலத்தில் ஏர்த் இலேசில் நன்றாக வராது.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று மலையகத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிரேட்டுகளை இணைப்பதாக இருந்தால் செப்புக் கேபிள் வேண்டாம், ஒளிநார் போடுங்கள். அதற்கான ஒளி மொடியூல் இரு முனைக்கும் சோடியாக வேண்டும். இதுவும் பட்டியலில் தனி வரி. யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணைப் பார்த்து ஏமாறாமல் வொட்டைப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்தை எந்த யு.பி.எஸ்.ஸும் தாங்காது. ஒழுங்காக அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள்.

காகித வேலை

விலைமனு 30 நாள் செல்லும், கொள்வனவுக் குழு கூட 60 நாள் எடுக்கும். இந்தப் பொருத்தமின்மைக்கு என்னிடம் மருந்து இல்லை. விலைமனு கேட்கும்போதே 90 நாள் செல்லுபடி வேண்டும் என்று எழுதுங்கள், பலர் தருவார்கள். ரூபாயில் மட்டும் வரவுசெலவு போட்டு வைக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அப்போது ரூபாயில் அனுமதி வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் பாதிக் கிரேட்தான் வந்திருக்கும். எதை முதலில் வெட்டலாம் என்று பட்டியலை முன்பே வரிசைப்படுத்தி வையுங்கள். கார்டை வெட்டலாம், கேபிளை வெட்டக் கூடாது.

உத்தரவாதக் காலம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள். அனுப்பிய நாளிலிருந்து என்றால், சுங்கத்தில் கிடக்கும் காலமும் அதில் கழியும்.

மென்பொருளைப் பற்றி ஒன்று மட்டும். சினாரா மாதிரியான கிரேட்டில் எந்தக் கார்ட் எந்தக் கேபிள் வாயில் என்பதை எழுதிய விவரக்கோப்பு ஒன்று இருக்கும். அதை வைத்துத்தான் முதன்மை போர்டின் உள்ளமைப்பை உருவாக்குவார்கள். கேபிளை வேறு வாய்க்கு மாற்றினால் கோப்பையும் மாற்றி, உள்ளமைப்பைத் திரும்ப உருவாக்கி ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பைப் பொருளோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். எங்களுக்குக் கேபிள் வந்த பிறகும் மூன்று நாள் ஒன்றும் ஓடவில்லை. பார்த்தால் ஐந்தாம் வாயின் கேபிளும் ஆறாம் வாயின் கேபிளும் இடம் மாறியிருந்தன, மாற்றிச் செருகியது நான்தான்.

கடைசியாகத் திருகாணி. ராக்கில் பூட்டுவது எம்6, அது எங்கள் ஊர் ஹார்ட்வெயார் கடையிலேயே கிடைக்கும். கார்டின் முகத்தகட்டைப் பூட்டுவது எம்2.5. அதைக் கேட்டபோது கடைக்காரர் என்னை மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகச் சொன்னார். போனேன், அங்கேயும் இல்லை. இப்போது ஒவ்வொரு ஓடரிலும் நூறு ஆணி கொண்ட பக்கற் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்.