திண்ணையில் கதை, கொட்டானில் புத்தகம்: ஊருக்குள் கதை வட்டம் தொடங்கும் முறை

கதை சொல்லிவிட்டால் பிள்ளைகள் தானாகப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று நம்பித்தான் பலர் கதை வட்டம் ஆரம்பிக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. கதை கேட்ட பிள்ளைக்கு இன்னொரு கதை கேட்கத்தான் ஆசை வரும். அந்த ஆசை ஆறுவதற்குள் அதே இடத்தில் ஒரு புத்தகம் அதன் கைக்கு வந்தாக வேண்டும். இந்தச் செய்முறையில் எதைச் சுருக்கினாலும், கதை முடிந்து புத்தகம் கைக்கு வரும் அந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்காதீர்கள்.

படி 1: இடம், நேரம்

செட்டிநாட்டில் திண்ணைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைத் தேடிப் போக வேண்டாம். பங்காளிகள் பல ஊர்களில் இருப்பார்கள். ஒருவர் சரி என்பார், இன்னொருவரிடம் கேட்டிருக்கவே மாட்டோம். ஆள் குடியிருக்கும் வீடாகப் பாருங்கள். மேற்குப் பார்த்த திண்ணையில் மாலை வெயில் கண்ணில் அடிக்கும், கிழக்குப் பார்த்ததே நல்லது. கதை சொல்பவர் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்காரட்டும். பிள்ளைகள் தெருவுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். மாற்றி உட்கார வைத்தால் போகிற ஒவ்வொரு வண்டியும் ஒரு பிள்ளையின் கவனத்தைக் கொண்டுபோய்விடும்.

சனிக்கிழமை 5 மணி முதல் 6 மணி வரை போதும். 5 முதல் 10 வயதுக்குள் 12 பிள்ளைகள். அதற்கு மேல் சேர்ந்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள்.

படி 2: புத்தகங்கள்

40 புத்தகம் இருந்தால் தொடங்கலாம். அதில் 25, பக்கத்துக்கு ஓரிரு வரியும் பெரிய படமும் உள்ளவையாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கான பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் கிடைக்கின்றன. இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம்.

பழைய வீட்டுப் பெட்டகத்திலிருந்து வரும் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். தாள் நொறுங்கும், எழுத்தும் பொடி. அதற்காக எடைக்கும் போட்டுவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தேடித் தேடிச் சேர்த்த அப்படிப்பட்ட புத்தகங்கள்தான் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன.

நடுவில் பின் அடித்த 16 பக்கப் புத்தகத்துக்கு முதுகு கிடையாது. அடுக்கி வைத்தால் எது எதுவென்று தெரியாது. திண்ணைத் தூண்களுக்கிடையே தரையிலிருந்து 3 அடி உயரத்தில் பருத்திக் கயிறு கட்டி, துணி கிளிப்பால் அட்டை தெரிய மாட்டுங்கள். தூணில் ஆணி அடிக்க வேண்டாம்.

படி 3: கதை சொல்ல ஆள்

இதற்கு ஊரில் ஆச்சிகளை விட்டால் ஆளில்லை. “ஒரு கதை சொல்லுங்க ஆச்சி” என்று பொதுவாகக் கேட்டால், “எனக்கென்னப்பா கதை தெரியும்” என்றுதான் பதில் வரும். பொருளைச் சொல்லிக் கேளுங்கள்: “உங்க ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனப்ப வீட்டுக்கு என்னென்ன கொண்டாந்தாக, ஆச்சி?” கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் கடந்து வணிகத்துக்குப் போவது. இப்படிக் கேட்டால் கதை தானே வரும். மூன்று நாள் முன்பே போய் ஒருமுறை கேட்டுவிடுங்கள். 8 நிமிடத்தைத் தாண்டினால் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று அப்போதே பேசி வையுங்கள்.

படி 4: காதிலிருந்து கண்ணுக்கு

ஆச்சி கப்பலைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்றால் கடல், கப்பல், மீன் என்று வரும் புத்தகங்களில் ஆறை முன்பே எடுத்து வையுங்கள். கதை முடிந்ததும் பேச்சை வளர்க்க வேண்டாம். ஒன்றைத் திறந்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டி முதல் இரண்டு பக்கத்தை மட்டும் படியுங்கள். மூன்றாவது பக்கத்தைத் திருப்புவதற்குள் நிறுத்திவிட்டு, இருவருக்கு ஒரு புத்தகமாகக் கொடுத்துவிடுங்கள். 9 வயதுப் பிள்ளையோடு 6 வயதுப் பிள்ளை சேரட்டும்.

படிக்கும் பிள்ளை ஒரு சொல்லில் திக்கினால் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே போகவிடுங்கள். எழுத்துக்கூட்டச் சொன்னால், அது கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும், கதையும் அறுந்துபோகும்.

இங்கேதான் பல வட்டங்கள் படுக்கின்றன. “இந்தக் கதையின் நீதி என்ன?” என்ற ஒரு கேள்வி போதும், திண்ணை வகுப்பறையாகிவிடும். கேட்க வேண்டுமென்றால் “உனக்கு எந்தப் படம் பிடிச்சது?” என்று கேளுங்கள். அதிகம் படித்தவருக்குப் பரிசு என்பதும் வேண்டாம். பிள்ளைகள் மெல்லிய புத்தகமாகப் பொறுக்கி எண்ணிக்கையைக் கூட்டுவார்கள்.

படி 5: கொட்டான் சுற்று

விசேஷத்தில் பலகாரம் வைத்துக் கொடுக்கும் ஓலைக் கொட்டானில், வாய் 10 அங்குலமாவது உள்ளதாக நான்கு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று புத்தகம். வாரத்துக்கு நான்கு வீடு, மூன்றே வாரத்தில் 12 வீட்டுக்கும் போய்வரும். கொட்டான் எண், வீடு, தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்தால் போதும். அபராதம் வைக்காதீர்கள், கிழிந்தால் திட்டுவார்கள் என்ற பயத்தில் வீட்டார் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓலை பூசணம் பிடிக்கும். காலியாக அரை மணி நேரம் வெயில் காட்டுங்கள்.

படி 6: ஆச்சியின் புத்தகம்

ஆச்சி சொன்ன கதையைச் செல்போனில் பதிந்து, பெரிய பிள்ளை ஒருவரை விட்டு 14 சிறு வரிகளாக எழுதச் சொல்லுங்கள். ஏ4 தாள் நான்கை ஒன்றாக நடுவில் மடித்தால் அட்டை இரண்டு பக்கம் போக 14 பக்கம் கிடைக்கும். பக்கத்துக்கு ஒரு வரி, மேலே பிள்ளைகள் வரைந்த படம்.

மடிப்பில் மூன்று துளை. நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே ஊசியை விட்டு, மேல்துளையில் உள்ளே வாங்கி, உட்புறமாகவே இறக்கிக் கீழ்த்துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து, உட்புறம் ஓடும் நீள நூலின் மேல் இரு முனையையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். எழுதும் முன்பே தைத்துவிடுங்கள், இல்லையென்றால் பக்க வரிசை குழம்பும்.

அடுத்த சனிக்கிழமை அதை ஆச்சிக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். “அப்படியில்லடா, கப்பல் ராத்திரியில்ல வந்துச்சு” என்று நடுவில் திருத்துவார். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பிரதி எழுதும்போது சேர்க்கலாம்.