தொட்டில் தாண்டும் பேரனும் என் அளவு டேப்பும்

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றது. புழுக்கத்தில் நான் புரண்டு படுக்கிற நேரம், ‘தொப்’ என்று ஒரு சத்தம். டார்ச்சை அடித்துப் பார்த்தால், தொட்டிலுக்கு வெளியே பாய்மேல் குந்தியிருக்கிறான் பேரன். வயது ஒன்றே முக்கால்கூட ஆகவில்லை. அவன் அழவில்லை, என் மகள்தான் அழுதாள்.

அந்தத் தொட்டில் என் கைவேலை. ரங்கூன் தாம்வேயில் நாற்பது வருஷமாகத் தேக்கில் கட்டிலும் பீரோவும் செய்கிறேன். மகள் பிறந்தபோது அவளுக்காகச் செய்தேன், இப்போது அவள் பிள்ளை படுக்கிறான். விடிந்ததும் எனக்கு வந்த யோசனை எந்தத் தச்சனுக்கும் வருவதுதான்: நாலு பக்கமும் அரையடி உயர்த்திவிடலாம். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஏறிப் பழகிய பிள்ளை அதையும் ஏறிப் பார்ப்பான், விழுகிற உயரம்தான் அரையடி கூடும். இறக்க வேண்டியது மெத்தை.

முதலில் டேப்பை எடுங்கள். பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி உயரம் பாருங்கள். பிறகு மெத்தையின் மேல்பக்கத்திலிருந்து கிராதியின், அதாவது சுற்றியுள்ள மரத்தடுப்பின், மேல்சட்டம் வரை அளங்கள். பிள்ளை உயரத்தில் முக்கால் பங்காவது இந்த அளவு இருக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் பிள்ளையை உள்ளே நிற்க வைத்துப் பாருங்கள். சட்டம் அவன் மார்க்காம்பு உயரத்துக்கு இருந்தாலே ஆபத்துதான். என் பேரன் 33 அங்குலம், எங்கள் தொட்டிலில் இருந்ததோ 22. அவன் தாண்டாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

கடைத் தொட்டிலில் அடிப்பலகையை இறக்கிப் பூட்ட இரண்டு மூன்று துளைவரிசை இருக்கும். பிள்ளை பிடித்து நிற்கத் தொடங்கும்போதே கடைசி வரிசைக்குப் போய்விடுங்கள். என் தொட்டிலில் ஒரே வரிசைதான். அழிகள், அதாவது கிராதியில் நெட்டுக்கு நிற்கும் குச்சிகள், கீழே இன்னும் இறங்கியிருந்ததால், கால்களில் புதிதாகத் துளை போட்டு, பலகையை 5 அங்குலம் இறக்கி, போல்ட்டு நட்டு வைத்து முடுக்கினேன். 22 இப்போது 27 ஆயிற்று. அழிகளின் அடிச்சட்டத்துக்கும் கீழே மெத்தை போகிற மாதிரி யாரும் இறக்க வேண்டாம், அந்தச் சந்தில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். மெத்தை ஓரத்துக்கும் கிராதிக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் இடைவெளி அதிகம். இரண்டு அழிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டர்தான் கணக்கு. சோடா டின் நுழைந்தால் அந்தத் தொட்டிலே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கீழே சரிகிற பழைய மாடலை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2011 ஜூனிலிருந்து அதை விற்கவே தடை.

அடுத்தது என் வெட்கக்கேடு. தொட்டிலின் உள்பக்கம், பாதி உயரத்தில், கொடி செதுக்கிய ஒரு குறுக்குச்சட்டம் வைத்திருந்தேன். அழகுக்கு. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். பேரன் பெருவிரலை ஊன்றியது அந்தக் கொடியில்தான். இலை நுனியில் எச்சில் கறை இருந்தது, கடித்தும் பார்த்திருக்கிறான். குறுக்கே எது போனாலும் அது பிள்ளைக்குப் படிக்கட்டு. பெரிய பொம்மை, தலையணை, ஓரத்தில் கட்டும் மெத்துத் திண்டு எல்லாமே படிதான், எடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்பதால் அவை எப்படியும் கூடாது.

தொட்டில் நிற்கிற இடத்தையும் பாருங்கள். ஜன்னலோரம் வேண்டாம், பீரோ பக்கம் வேண்டாம், ஃபேன் வயர் கைக்கு எட்டக் கூடாது. ரங்கூன் மாடிவீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. பேப்பரும் காய்கறியும் ஏற்ற பால்கனிக் கம்பியிலிருந்து தெருவுக்குத் தொங்கவிடுகிறோமே, கிளிப் கட்டிய கயிறு, அதன் மேல்முனையைச் சுருட்டி ஆளுயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். கழுத்தில் சுற்றினால் கயிறு விளையாட்டுச் சாமான் இல்லை. கொசுவலையைத் தொட்டில் கால்களில் கட்டினால் அதைப் பிடித்துத் தொங்குவான். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, மத்தியானத் தூக்கத்துக்கும் வலை வேண்டியதுதான். நாங்கள் பெரிய கட்டில் வலையை ஒரு முழம் தள்ளி வெளிப்பக்கமாக விடுகிறோம்.

கால் மூடிய தூக்கப் பை போட்டால் காலைத் தூக்க முடியாது என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். வாஸ்தவம்தான். ஆனால் சித்திரை வெயிலில் இந்த ஊரில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்! டிசம்பர், ஜனவரிக்கு வேண்டுமானால் ஆகும். மேலே வலைக்கூடாரம் போட்டு மூடுவது வேண்டவே வேண்டாம், பிள்ளை அதில் சிக்கிக்கொள்ளும்.

தாண்டினால் சிரிக்காதீர்கள். தாய்மாமன் வந்து ‘பயில்வான்டா!’ என்று கைதட்டிவிட்டுப் போனான், அன்றைக்கே பயல் மூன்று தடவை ஏறினான். ஒன்றும் பேசாமல் தூக்கி உள்ளே விட்டு, ‘தூங்கு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். விழுந்து தலையில் அடிபட்டு, திரும்பத் திரும்ப வாந்தி, நினைவு தப்புதல், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உயரம் 35 அங்குலம், அதாவது 89 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் தொட்டில் கதை முடிந்தது. மெத்தையை இறக்கியும் தாண்டுகிறான் என்றால் அதற்கு முன்பே முடிந்தது. தரையில் பாய், அதன்மேல் அழுந்தாத மெத்தை, அவ்வளவுதான். பிறகு அறை முழுவதும் அவனுக்குத் தொட்டில். வாசல் கம்பிக் கதவுக்கு அவன் கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். இழுப்பறைப் பீரோவைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்து முடுக்குங்கள். இழுப்பறையைப் படியாக்கி ஏறினால் பீரோ அவன் மேலேயே சாயும். 2025 மார்ச் 28 பூகம்பத்தில் இந்த வீட்டு அலமாரி ஆடியதைப் பார்த்த பிறகும் நான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் போனால் தானே எரிகிற பேட்டரி விளக்கு ஒன்றைத் தரையோரம் வையுங்கள்.

நேற்று அளந்தேன், 34½ இருக்கிறான். புதுப் பாய் வாங்கியாயிற்று. கொடிச்சட்டத்தை அறுத்தெடுக்க ரம்பத்தோடு உட்கார்ந்தபோது, “சுவரில் மாட்டலாம் அப்பா, வீணாக்காதீங்க” என்கிறாள் மகள். மாட்டினால் ஆறடிக்கு மேலேதான்.