மூன்று டீயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள்

திங்கட்கிழமை நீலகிரி, வியாழக்கிழமை அசாம் என்று மாற்றி மாற்றிக் குடித்தால் எது நன்றாக இருந்தது என்று நாக்குக்கு நினைவிருக்காது. நீலகிரி, அசாம், டார்ஜிலிங் மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்துக் குடித்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

உள்ளே வெள்ளையாக இருக்கும் ஒரே அளவு பீங்கான் கப் மூன்று போதும். 100 மில்லி கொதித்த தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். டீயை ஒப்பிட்டுப் பார்க்க ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரமுறை சொல்லும் கணக்கு இது. குடிக்கக் கொஞ்சம் ஸ்ட்ராங்காகத்தான் இருக்கும், ஆனால் டீயின் குறை நிறை எல்லாம் வெளியே வந்துவிடும். ஸ்பூன் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். நீளமாகச் சுருண்ட டார்ஜிலிங் இலை ஒரு ஸ்பூனில் கொஞ்சம்தான் நிற்கும், இலையை மெஷினில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய, உருண்டையான சி.டி.சி. தூள் அதே ஸ்பூனில் குவிந்துவிடும். நான் முதல் தடவை இப்படித்தான் ஏமாந்து, பாவம், டார்ஜிலிங்கைச் சப்பென்று இருக்கிறது என்று திட்டினேன்.

வடிகட்டியதும் ஈர இலையை முகர்ந்து பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் டீ வெதுவெதுப்பானதும் ஸ்பூனில் எடுத்து 'சர்ர்' என்று சத்தமாக உறிஞ்சுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. காற்றோடு போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும்.

கடைசியில் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் பால் விடுங்கள். அசாம் தாக்குப்பிடிக்கும், டார்ஜிலிங்கின் பூ வாசனை அதோடு காலி.