உடம்பு தேற நினைக்கும் ஒல்லிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் ஜூன் பிறந்தால் எங்கள் ஜிம்முக்கு ஒல்லிப் பையன்கள் கூட்டமாக வந்து சேர்வார்கள். காலேஜ் திறக்கப் போகிறது, அதற்குள் சட்டை தொளதொளவென்று தொங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. "அண்ணே, ஒரு மாசத்துல பத்து கிலோ ஏறணும்ணே" என்பார்கள். பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். அடுத்து அவர்கள் அடிக்கப் போகிற கூத்தில் பாதியை அந்த வயதில் நானும் அடித்தவன்தான் என்பதால் எங்கே போய் முட்டுவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும்.

காலையில் பட்டினி கிடக்காதே, நேரத்துக்குத் தூங்கு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை உங்கள் அம்மாவே தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

"நான் நிறையத்தான் சாப்பிடுறேன்"

ஒல்லியாக இருக்கிற எல்லோரும் சொல்வது இது, பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். ஒரு பையனை மூன்று நாள் வாயில் போவதையெல்லாம் போனில் எழுதி வைக்கச் சொன்னேன். மதியம் தட்டு நிறையச் சோறு, ரசம், மோர், அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் "இவ்வளவு தின்னும் ஒட்டலையே" என்கிறார்கள். ஆனால் காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு இன்னொரு டீ, சாயங்காலம் டீயோடு இரண்டு பிஸ்கட், ராத்திரி பசியில்லை என்று இரண்டு இட்லி. நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் அவன் வீட்டில் டயட் இருக்கும் அக்கா சாப்பிடுவதுதான் வந்தது. டீ பசியைக் கொன்றுவிடுகிறது, ரசமும் மோரும் வயிற்றை ரொப்பிவிடுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் என்ற மருத்துவரின் குழு 16 பேரை எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகச் சாப்பிட வைத்துப் பார்த்தது. எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல் உணவு, ஆனால் ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரை கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், ஏறாதவர்கள் தங்களை அறியாமலே அதிகம் அசைந்துகொண்டிருந்தார்கள்: எழுவது, நடப்பது, காலாட்டுவது, உட்கார்ந்த இடத்திலேயே நெளிவது. உங்கள் உடம்பும் அந்த ரகமாக இருக்கலாம். அதற்காக அசையாமல் கிடக்க முடியாது, போடுகிற சாப்பாட்டைத்தான் கூட்ட வேண்டும்.

தினமும் 300 முதல் 500 கலோரி கூடினால் போதும். 50 கிராம் வேர்க்கடலையிலேயே சுமார் 280 கலோரி கிடைத்துவிடும். அதோடு ஒரு வாழைப்பழம், ஆவினில் நீல பாக்கெட்டுக்குப் பதில் ஆரஞ்சு பாக்கெட் பாலில் ஒரு டம்ளர் (நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6), அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் தின்றுவிட்டு மதியச் சோற்றைப் பாதியில் தள்ளினால் பிரயோஜனமில்லை. சாப்பாட்டுக்கு அப்புறமோ, இரண்டு வேளைக்கு நடுவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் கடையில் கிடைக்கும் "உடம்பு போடும் மாத்திரை"

இதைப் பற்றி நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியும் இது மட்டும் நின்றபாடில்லை.

"உடம்பு போட ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டால் சில கடைகளில் ஒரு சின்னக் காகிதக் கவரில் இரண்டு வகை மாத்திரையைப் போட்டுக் கொடுப்பார்கள். அட்டையை முழுசாகத் தர மாட்டார்கள், கத்தரித்துத்தான் தருவார்கள். கத்தரிக்கிற லாவகத்தில் மருந்தின் பெயர் கடையிலேயே தங்கிவிடும், நம் கைக்கு வருவது வெறும் அலுமினியத்தாளும் பாதி எழுத்தும். கவர் மேல் பேனாவால் காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. விலையும் டீக்காசுதான். பில் கேட்டால் முறைப்பார்கள்.

உள்ளே பெரும்பாலும் இருப்பவை இரண்டு. ஒன்று சைப்ரோஹெப்டடின், அலர்ஜிக்கான பழைய மருந்து. பசியைத் தூண்டும், தூக்கத்தையும் தூக்கிக்கொண்டு வரும், அதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவது ஆபத்து. போடும் வரை பசிக்கும், விட்டால் பழைய கதைதான், ஏறின எடையும் இறங்கிவிடும். இதைக்கூட மன்னித்துவிடலாம். இரண்டாவதுதான் வில்லன்: டெக்ஸாமெத்தசோன். ஆமாம், 2020இல் கொரோனா நோயாளிகளில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்து உயிரைக் காப்பாற்றிய அதே ஸ்டீராய்டு. அங்கே அதை டாக்டர் பார்த்துப் பார்த்து அதிகபட்சம் பத்து நாள் கொடுத்தார். இங்கே பத்தொன்பது வயதுப் பையன் மாதக்கணக்கில் மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டிருக்கிறான்.

நம் உடம்பே சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. டெக்ஸாமெத்தசோன் அதே வேலையைச் செய்வது, ஆனால் வீரியம் பல மடங்கு. 0.5 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு போட்டாலே உடம்பு தானாகச் சுரக்கும் அளவைத் தாண்டிவிடும். வெளியிலிருந்து வருவதைப் பார்த்து சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அப்புறம் பசி கூடும், முகத்திலும் வயிற்றிலும் கழுத்துக்குப் பின்னாலும் கொழுப்பு சேரும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். 2021இல் கரும்பூஞ்சை நோய் பரவியபோது சர்க்கரை நோயையும் ஸ்டீராய்டையும் சேர்த்துச் சேர்த்து டாக்டர்கள் பேசினார்களே, அதற்குக் காரணம் இதுதான், சர்க்கரையை ஏற்றி எதிர்ப்புச் சக்தியை இறக்கிவிடும்.

இதில் என்னை உச்சக்கட்டத்துக்கு எரிச்சலாக்குவது என்னவென்றால், இந்த மருந்து தசையைக் கரைக்கும். எதை வளர்க்க ஜிம்முக்குப் பணம் கட்டினானோ அதையே தின்றுவிடும், அதுவும் தொடையிலும் தோளிலும்தான் முதலில் கைவைக்கும். தராசு மட்டும் ஏறிக்கொண்டே போகும், அதைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

ஒரு பாலிடெக்னிக் பையன் நாற்பது கிலோ வைத்து ஒழுங்காக ஸ்குவாட் (தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழுவது) அடித்துக்கொண்டிருந்தவன். இரண்டு மூன்று மாதத்தில் கன்னம் உப்பி, முகம் நிலா மாதிரி வட்டமாகிவிட்டது. வீட்டில் பரம சந்தோஷம், "இப்பத்தான் பிள்ளை முகத்துல களை வந்திருக்கு" என்று அவன் அம்மா என்னிடமே வந்து நன்றி சொன்னார். எனக்கு என்னவோ உறுத்தியது. அன்றைக்கு அவன் வெறும் கம்பியோடு உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் முழங்காலில் கையை ஊன்றினான். தட்டு எதுவும் மாட்டாத கம்பி, 20 கிலோ. கேட்டால், டவுன் பஸ் படிக்கட்டு ஏறும்போதுகூடக் கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் ஏறுகிறானாம். பனியனைத் தூக்கச் சொன்னேன், அடிவயிற்றில் இரண்டு பக்கமும் ஊதா நிறத்தில் விரல் அகலக் கோடுகள், முதுகு முழுக்கப் பரு. "மாத்திரை ஏதாவது போடுறியாடா?" என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். எந்த மாத்திரை என்று அவனுக்கே தெரியவில்லை, பெயர் இருந்தால்தானே. ஆஸ்பத்திரியில் பார்த்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரையே அதிகமாக இருந்தது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து நிறுத்தினார். முகம் வற்றப் பல மாதம் ஆயிற்று, அந்தக் கோடுகள் வெளிறினதே தவிர அழியவில்லை.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்: இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் இன்றைக்கே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாரக்கணக்கில் போட்டவர்களுக்கு சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும், திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மீதி மாத்திரையையும் கவரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் உள்ளது இது. அதனால்தான் அந்தக் கத்தரிக்கோல் வேலை. பெயரில்லாத "மூலிகை" கேப்ஸ்யூலும் டப்பாவில் வரும் லேகியமும் போட்டு இரண்டே வாரத்தில் முகம் உப்பினால் அதிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். எந்த மூலிகையும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

கெயினர் டப்பா

எடை ஏற்றும் என்று சொல்லி விற்கிற பவுடர் இது. விஷமில்லை, வெட்டிச் செலவு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொருள்களின் வரிசையில் முதலில் இருப்பது பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்தை உடைத்துத் தயாரித்த பொடி. முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆயிரம் கலோரி எத்தனை கரண்டிக்கு என்று பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். அதே காசுக்கு வீட்டில் சத்துமாவு அரைத்தால் குடும்பமே குடிக்கலாம். எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பரோட்டாவும் ஸ்வீட்டும் தின்று ஏற்றுவது

"நான்தான் ஒல்லியாச்சே, எனக்கென்ன" என்று எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் வெளுத்துக் கட்டுகிறவர்களுக்கு ஒரு சேதி. 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 22.3தான். ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்க்க மெலிவாக இருந்துகொண்டே உள்ளே கொழுப்பைச் சேர்த்துவைப்பது நம் ஊர் உடம்பின் வழக்கம், சர்க்கரை நோய் சீக்கிரம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் ஆவது இப்படித்தான்.

அதனால் ஏறுகிற கிலோவில் தசை இருக்க வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 1.6 கிராம் அளவுக்குப் புரதம் வைத்துக்கொள்ளுங்கள், 50 கிலோ ஆளுக்கு 80 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம்தான் இருக்கிறது, ஆகவே முட்டை மட்டும் போதாது, பருப்பு, சுண்டல், மீன், பால், கடலை எல்லாம் சேர்ந்தால்தான் வரும்.

பச்சை முட்டை

வேக வைத்துச் சாப்பிடுங்கள். பச்சையாகக் குடித்தால் புரதத்தில் பாதிதான் சேரும்.

பீர்

தொப்பை வரும். வேறு எதுவும் வராது.

கைக்கு மட்டும் உடற்பயிற்சி

கண்ணாடிக்கு முன்னால் தினமும் டம்பெல்லைத் தூக்கி பைசெப்ஸ் மட்டும் செய்வது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் முதுகிலும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டால் எடை எங்கிருந்து ஏறும்? வாரம் மூன்று நாள், ஸ்குவாட், தரையிலிருந்து கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்ட், படுத்துக்கொண்டு மேலே தள்ளும் பெஞ்ச், தன் பக்கம் இழுக்கும் ரோயிங், தோளுக்கு ஒன்று, முடிந்தால் கம்பியில் தொங்கி ஏறும் புல்லப். போன வாரத்தைவிட ஒரு கிலோவோ ஒரு முறையோ கூடுதல். ஒல்லிக்காரர் தினமும் இரண்டு மணி நேரம் ஜிம்மில் கிடந்தால் தின்றதெல்லாம் அங்கேயே எரிந்துவிடும்.

தினமும் தராசில் ஏறிப் பதறுவது

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறினால் ஒரு கிலோ கூடும், மறுநாள் காலையில் அது காணாமல் போகும், இரண்டும் உண்மையான எடை மாற்றம் இல்லை. வாரம் ஒருமுறை, காலையில், கழிப்பறை போய் வந்த பிறகு, வெறும் வயிற்றில். வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை ஏறினால் சரியான பாதை. இடுப்புச் சுற்றளவையும் தொடைச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை டேப் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். இடுப்பு மட்டும் பெருத்துக்கொண்டே போனால் சாப்பாட்டை மாற்ற வேண்டும்.

டாக்டரைப் பார்க்காமலே ஆரம்பிப்பது

சின்ன வயதிலிருந்தே ஒல்லி, அப்பா அம்மாவும் ஒல்லி, சுறுசுறுப்புக்குக் குறைவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இருந்த எடை காரணமில்லாமல் இறங்குகிறது என்றால் அது வேறு விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். படபடப்பு, கை நடுக்கம், பசியிருந்தும் மெலிவு என்றால் தைராய்டு. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரை. நாள்பட்ட வயிற்றுப்போக்கு இருந்தால் குடல். பிஎம்ஐ 18.5க்குக் கீழே இருப்பவர்கள் இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் ஜிம்மில் ரிப்போர்ட்டைக் காட்டின பிறகுதான் கம்பியைத் தொட விடுகிறேன், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எதிர் ஜிம்முக்குப் போய்விட்டார்கள், போகட்டும்.