டாக்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி: டாக்டர் ஹூ விவாதத்துல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சேலம் அஞ்சு ரோடு பக்கம் நாங்க வழக்கமா நிக்கிற தட்டுவடை செட் கடையில ரெண்டு தம்பிங்க சண்டை போட்டுட்டு இருந்தாங்க. ரெண்டு பேருமே காலேஜ் மூணாவது வருஷம், பிபிசியோட டாக்டர் ஹூங்கிற சயின்ஸ் ஃபிக்ஷன் சீரியலைப் பாக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் இருக்கும். ஒருத்தன் சொல்றான், பதினஞ்சாவது டாக்டரா வந்த ஷூட்டி கட்வாவுக்கு நடிக்கவே தெரியல, எபிசோடுக்கு எபிசோடு அழுதுட்டே இருக்காருன்னு. இன்னொருத்தன், "அப்ப உனக்கு டெனன்ட் மட்டும்தான் டாக்டரா"ன்னு எகிறுறான். நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தேன். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல இதே மாதிரி ஒரு கடை வாசல்ல நானும் இதே சண்டைதான் போட்டேன், நடிகர் பேரு மட்டும்தான் வேற. அன்னைக்கு ராத்திரியே இதை எழுத உக்காந்துட்டேன்.

டாக்டரோட பேரு டாக்டர் ஹூ கிடையாது, அவரோட டைம் மிஷின் டார்டிஸ் உள்ள பெருசு வெளிய சிறுசு, அதெல்லாம் ஒரு வாரத்துல தானா புரிஞ்சுரும். அதுக்குள்ள நான் போகல.

முதல் கதையைப் பாத்துட்டே தீர்ப்பு சொல்றது

டாக்டர் சாகுற நிலைமைக்கு வந்தா உடம்பு மாறி வேற நடிகரா வருவாரு. அப்டி ஆள் மாறின உடனே "இவரு செட் ஆகல"ன்னு சொல்லாதவங்க யாருமே இல்ல. 1966-ல வில்லியம் ஹார்ட்னெல் போய் பாட்ரிக் ட்ரௌட்டன் வந்தப்பவே இது ஆரம்பிச்சுருச்சு. புது டாக்டரோட முதல் கதையில அவரு பாதி நேரம் மயங்கிக் கிடப்பாரு, இல்ல தான் யாருன்னே தெரியாம உளறிட்டு இருப்பாரு, அப்டிதான் அதை எழுதவே செய்வாங்க. அதை வச்சு நடிகரை எடை போட முடியாது தம்பி. குறைஞ்சது நாலு கதை பாரு, அதுல ரெண்டாச்சும் வேற வேற ஆளுங்க எழுதினதா இருக்கணும்.

எழுத்தோட தப்பை நடிகர் தலையில கட்டுறது

இதுக்காகத்தான் நான் இவ்ளோ எழுதுறதே. இந்த ஒரு தப்பு எனக்குப் பத்து வருஷத்தையும் ஒரு நல்ல சிநேகிதத்தையும் தின்னுருச்சு, இன்னைக்கும் யாராவது இதைச் செய்யும்போது எனக்கு வயிறு எரியுது.

கோலின் பேக்கர்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஆறாவது டாக்டர். 1984-ல அவரோட முதல் கதை, தி ட்வின் டைலமா. அதுக்கு முந்தின கதை ராபர்ட் ஹோம்ஸ் எழுதின தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி, அஞ்சாவது டாக்டர் பீட்டர் டேவிசனோட கடைசி கதை. 2009-ல டாக்டர் ஹூ மேகசின் 200 கதைக்கு ஓட்டு எடுத்தப்ப ஆண்ட்ரோசானி முதல் இடம், ட்வின் டைலமா கடைசி இடம். ரெண்டும் அடுத்தடுத்து வந்த கதைங்க! அந்தக் கடைசி இடத்துக் கதையில புது டாக்டர் தன் கூட வர்ற பெரிங்கிற பொண்ணோட கழுத்தையே நெரிக்கிறாரு. உடம்புல கண்ணைப் பறிக்கிற பல நிறத்துல ஒட்டுப்போட்ட கோட்டு வேற. கோலின் பேக்கர் கறுப்பு வெல்வெட் உடுப்புதான் கேட்டாரு, அந்தக் கோட்டு தயாரிப்பாளர் ஜான் நேதன் டர்னரோட முடிவு. கழுத்தை நெரிக்கிறதும் ஸ்கிரிப்ட்ல இருந்தது. நான் என்ன பண்ணேன்? அந்த ஒரு கதையைப் பாத்துட்டு "இந்தாளு வேண்டாம்"னு மூடி வச்சேன். லண்டன்ல இருந்த மாமா பையன் வாங்கிட்டு வந்த அவரோட டிவிடி எல்லாத்தையும் தெரிஞ்ச ஒருத்தருக்கு சும்மாவே தூக்கிக் குடுத்தேன். எங்க ஞாயித்துக்கிழமை ரசிகர் குரூப்ல புதுசா யாரு வந்தாலும் "ஆறாவது டாக்டரைத் தாண்டிப் போயிரு"ன்னு நானே சொல்லி அனுப்பினேன். அப்டி எத்தனை பேரைக் கெடுத்தேன்னு கணக்கே இல்ல.

அந்த நேரத்துல திரைக்குப் பின்னாடி என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1985 பிப்ரவரியில சீரியலையே நிறுத்தி வைக்கிறதா பிபிசி சொல்லிருச்சு, இடைவெளி 18 மாசம். திரும்பி வந்தப்ப 1986-ல 14 எபிசோடுக்கு ஒரே நீளக் கதை, தி ட்ரையல் ஆஃப் எ டைம் லார்ட். அதோட முடிவை எழுத வேண்டியவரு ராபர்ட் ஹோம்ஸ், அவரு எழுதி முடிக்காமலே மே மாசம் இறந்துட்டாரு. மீதியை எழுதின ஸ்கிரிப்ட் எடிட்டர் எரிக் சேவர்ட் தயாரிப்பாளரோட தகராறு பண்ணிட்டு வேலையை விட்டுட்டாரு, கடைசி எபிசோடு ஸ்கிரிப்டையும் திருப்பி எடுத்துக்கிட்டாரு. அவசரமா பிப் பேக்கர், ஜேன் பேக்கர்ங்கிற தம்பதியைக் கூப்பிட்டு, பழைய முடிவு என்னன்னு கூட சொல்லாம, சொன்னா சட்டப் பிரச்சனை வரும்ங்கிறதால, சில நாள்ல எழுத வச்சாங்க. இத்தனை குளறுபடிக்கும் கடைசியில வேலை போனது யாருக்கு? கேமரா முன்னாடி நின்ன கோலின் பேக்கருக்கு. மாறுற காட்சிக்கு மட்டும் வந்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டப்ப அவரு வரல, 1987-ல அடுத்த டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய்க்கே விக் வச்சு எடுத்தாங்க.

இது தெரியாம நான் இங்க உக்காந்துட்டு பிபிசி செஞ்ச அதே வேலையைத்தான் செஞ்சுட்டு இருந்தேன்.

பல வருஷம் கழிச்சு பிக் ஃபினிஷ்ங்கிற கம்பெனி எடுக்கிற டாக்டர் ஹூ ஒலி நாடகம் ஒண்ணு கேட்டேன், ஜூபிலி, 2003-ல வந்தது, எழுதினது ராபர்ட் ஷியர்மன். ஏற்காடு போற பஸ்ல, 20 கொண்டை ஊசி வளைவுலயும் காதுல இயர்போனோட. லண்டன் டவர்ல டாக்டரோட பரம எதிரியான டாலெக் ஒண்ணு ஒத்தையா கைதியா கிடக்கு, அதுகிட்ட பேச வேண்டிய நிலைமை. அதே கோலின் பேக்கர்தான், அதே அகங்காரம்தான், ஆனா இப்ப அதுக்குள்ள ஒரு வருத்தமும் கருணையும் இருந்துச்சு, ஏன்னா அதை யாரோ எழுதிக் குடுத்திருந்தாங்க. துணைக்கு ஈவ்லின்னு ஒரு வயசான வரலாற்றுப் பேராசிரியை, அவரு கத்தினா திருப்பிக் கத்துற அம்மா. ஏரிக்கிட்ட இறங்குனப்புறமும் இயர்போனைக் கழட்டல, அங்கயே பெஞ்சுல உக்காந்து முழுசா கேட்டுட்டுத்தான் எந்திரிச்சேன். இந்தக் கதையில இருந்துதான் 2005-ல கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் நடிச்ச டாலெக் எபிசோடே வந்துச்சு, அதையும் ஷியர்மனே எழுதினாரு. எக்கிள்ஸ்டன் அதுல பிரமாதம்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். அதோட வேர் நான் ஒதுக்கி வச்ச ஆளோட கதையில இருந்துச்சு.

பத்து வருஷம் போன கதை இது. சிநேகிதம் போன கதை 2018.

ஜோடி விட்டேக்கர்ங்கிற நடிகை டாக்டரா வந்த வருஷம். எங்க குரூப்ல அம்மாபேட்டையில இருந்து ஒரு தங்கச்சி வருவா, எங்க எல்லாரையும் விட நிதானமா பாக்கிறவ. முதல்முறையா ஒரு பொம்பள டாக்டரா வந்ததுல அவளுக்கு இருந்த சந்தோஷம் எங்களுக்குப் புரியல. நாலஞ்சு எபிசோடு ஓடினதும் நான் பத்து பேரு முன்னாடி வச்சு "இந்தம்மாவுக்கு டாக்டரா நிக்கிற கனம் இல்ல"ன்னு சொன்னேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, "அண்ணா, டார்டிஸ்ல நாலு பேரு இருக்காங்க, இருக்கிற வசனத்தை நாலாப் பிரிச்சுக் குடுத்திருக்காங்க, அவங்க எங்க நின்னு கனம் காட்டுறது? நீங்க திட்டுறது ஸ்கிரிப்டை, பேரு மட்டும் அவங்க பேரைச் சொல்றீங்க." நான் கேக்கல, குரலை உசத்திட்டேன். அடுத்த வாரத்துல இருந்து அவ வரல.

அதே சீசன்ல நவம்பர் 11-ம் தேதி வந்துச்சு டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப். எழுதினது வினய் படேல். 1947 ஆகஸ்ட், தேசம் ரெண்டா பிரியுற நேரம், டாக்டர் கூட வர்ற யாஸோட பாட்டி உம்ப்ரீன் ஒரு முஸ்லிம், அவங்க கட்டிக்கப்போறது பிரேம்ங்கிற இந்து. டாக்டரால எதையும் மாத்த முடியாது, நின்னு பாக்கத்தான் முடியும். விட்டேக்கர் அந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கும்போது அந்த முகத்துல இருக்கிறதுதான் நான் இல்லைன்னு சொன்ன கனம். அந்தத் தங்கச்சி இப்ப பெங்களூர்ல இருக்கா. ரெண்டு வருஷம் கழிச்சு மன்னிப்பு கேட்டு எழுதினேன், "பரவாயில்லண்ணா"ன்னு பதில் வந்துச்சு. ஆனா அவ இல்லாத ஞாயித்துக்கிழமை அப்டியேதான் இருக்கு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியாமப் போறதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஏற்காடு ரோட்டுல போனா மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குது. 1950-ல அங்க எடுத்த மந்திரி குமாரியில எம்ஜிஆர் நடிச்சாரு, வசனம் கருணாநிதி. எங்க தாத்தா அந்தப் படத்தைப் பத்திப் பேசுனா நடிப்பைத் தனியா சொல்லுவாரு, வசனத்தைத் தனியா சொல்லுவாரு, ரெண்டையும் போட்டுக் குழப்பினதே கிடையாது. படம் பாத்துட்டு வந்தா வீட்டுல முதல் கேள்வியே "வசனம் யாரு"ன்னுதான். அந்த வீட்டுல பொறந்துட்டு நான் இதைக் கோட்டை விட்டிருக்கேன்.

சரி, எப்டிப் பிரிச்சுப் பாக்கிறது? நான் இப்ப செய்யுறதைச் சொல்றேன். பிடிக்காத காட்சியோட வசனத்தை மட்டும் ஒரு தாள்ல எழுதி நீங்களே சத்தமா படிச்சுப் பாருங்க, தாள்லயே அது செத்துக் கிடந்தா அது நடிகர் குத்தம் இல்ல. அப்புறம் அதே நடிகரை வேற எழுத்தாளர் கையில பாருங்க, அதே எழுத்தாளரை வேற நடிகர் வாயில கேளுங்க. ஸ்டீவன் மொஃபட் எக்கிள்ஸ்டனுக்கு எழுதியிருக்காரு, டெனன்ட், ஸ்மித், கேப்பால்டின்னு எல்லாருக்கும் எழுதியிருக்காரு, ஒப்பிடுறதுக்கு அதை விட வசதி கிடையாது. 2014-ல பீட்டர் கேப்பால்டியைக் கடுகடுன்னு இருக்காருன்னு தள்ளினவங்க 2015-ல வந்த ஹெவன் சென்ட் பாக்கணும், கிட்டத்தட்ட முழு எபிசோடும் அவரு ஒத்தை ஆளு. அதே ஆளு, அதே மொஃபட், ஆனா ஒரு வருஷத்துல அந்தப் பாத்திரத்தை எப்டி எழுதுறதுன்னு கண்டுபிடிச்சிட்டாங்க.

தலைகீழாவும் இதே தப்பு நடக்குது. பிளிங்க் பாத்துட்டு "டெனன்ட் மாஸ்"னு சொல்றவங்க, 2007-ல வந்த அந்த எபிசோடுல டெனன்ட் எத்தனை நிமிஷம் வர்றாருன்னு எண்ணிப் பாருங்க. அதைத் தாங்குறது மொஃபட்டோட எழுத்தும் கேரி மல்லிகனும்.

அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். கட்வா எப்ப அழணும்னு கட்வா முடிவு பண்றதில்ல, அழுகை ஸ்கிரிப்ட்ல இருக்கு. 2024-ல வந்த டாட் அண்ட் பபிள் எபிசோடோட கடைசி சில நிமிஷம் மட்டும் பாரு, காப்பாத்த வந்தவரையே வேண்டாம்னு ஒதுக்குறாங்க, அப்ப அந்த மனுஷன் சிரிச்சு அப்புறம் கதறுறாரு பாரு, அதைப் பாத்துட்டு நடிக்கத் தெரியலன்னு சொல்லுன்னேன். தம்பி போன்ல குறிச்சுக்கிட்டான்.

ரேட்டிங்கைத் தூக்கிட்டு வர்றது

1979-ல சிட்டி ஆஃப் டெத் கதையோட கடைசி பாகத்தை 1 கோடியே 60 லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க. அந்த நேரம் எதிர்ச் சேனல் ஐடிவியில ஸ்ட்ரைக், பாக்க வேற எதுவும் இல்ல. மெக்காய் காலத்துல அப்டியே தலைகீழ், ஐடிவியோட கொரோனேஷன் ஸ்ட்ரீட் சீரியல் ஓடுற நேரத்துல எதிர்ல போட்டாங்க, கூட்டம் அங்க போயிருச்சு. ரெண்டுலயும் நடிகர் செஞ்சது எதுவுமே கிடையாது.

டைட்டில்ல இருக்கிற பேரை அப்டியே நம்புறது

அதே சிட்டி ஆஃப் டெத்தை எழுதினதா வர்ற டேவிட் அக்னியூன்னு ஒரு ஆளே கிடையாது. டேவிட் ஃபிஷரோட கதையை எடுத்து டக்ளஸ் ஆடம்ஸும் தயாரிப்பாளர் கிரஹாம் வில்லியம்ஸும் எழுதினாங்க. பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்ல வர்ற ஸ்டீஃபன் ஹாரிஸும் அப்டிதான், அதை மாத்தி எழுதினது ராபர்ட் ஹோம்ஸ். பழைய சீசன்னா ஸ்கிரிப்ட் எடிட்டர் யாருன்னு பாருங்க, 2005-க்கு அப்புறம்னா மொத்தக் கதைக்கும் பொறுப்பான ஷோரன்னர் யாருன்னு பாருங்க, பாதி விவாதம் அங்கயே தீர்ந்துரும்.

காணாமப் போனதை மறந்துட்டு ட்ரௌட்டனைப் பத்திப் பேசுறது

60-கள்ல எடுத்ததுல 90 எபிசோடுக்கு மேல இப்ப இல்ல, பிபிசி டேப்பை அழிச்சிருச்சு. அதுல அதிகம் அடிபட்டது ட்ரௌட்டன். ரொம்ப நாளா ஒலி மட்டும்தான் முழுசா இருந்த தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு 2013-ல நைஜீரியாவுல கிடைச்சுத் திரும்பி வந்துச்சு. சுமாரான கதைன்னு நினைச்சிட்டு இருந்தவங்க அதுல அவரோட இரட்டை வேடத்தைக் கண்ணால பாத்த பிறகுதான் வாயடைச்சுப் போனாங்க. முகத்தைப் பாக்காம ட்ரௌட்டனைத் தரவரிசையில எங்கயும் வைக்காதீங்க.

எத்தனை வருஷம் நடிச்சாருன்னு எண்ணுறது

டாம் பேக்கர் 7 வருஷம், பால் மெக்கான் 1996-ல ஒரே ஒரு டிவி படம். எண்ணி என்ன பிரயோஜனம்.

புதுசா வர்றவங்களை 1963-ல இருந்து பாக்கச் சொல்றது

வேண்டாம். ஓடிருவாங்க.

நம்பர் சண்டை

இவரு எத்தனாவது டாக்டர்ங்கிற சண்டை. வார் டாக்டரா நடிச்ச ஜான் ஹர்ட்டுக்கு நம்பர் இல்ல. டெனன்ட்டுக்கு 10-ம் உண்டு, 14-ம் உண்டு. அடுத்த ஆளைப் பத்திப் பேசுங்க.